மாமாவின் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் எழுத்தர் முதல் தாளின் தலையில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்டதற்கு, இன்றைக்கு எதுவும் இல்லை, அடுத்த மாதம் முதல் மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இருப்புக் காப்பாளர், அதுவும் இந்த வாக்குமூலம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது என்று சொன்னேன். அவர் "வேலை தேடுபவர்" என்று எழுதினார். மேற்படி கதவு எண்ணில் உள்ளது என் வீடு அல்ல, என் மாமனார் வீடு. நான் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. எழுத்தர் முதலில் இதை நிலையத்துக் கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கி, அது பாதியில் நின்றுவிட்டதால் பேனாவுக்கு மாறினார். ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் இங்கே வந்திருப்பதே அந்த வார்த்தையால்தான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் மாமனார். அவருடைய கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டை நான் கெட்ட எண்ணத்துடன் மாற்றிவிட்டேன், அதனால் அவர் செயலாளராக இருக்கும் தெருச் சங்கத்தின் தாள்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன என்பது புகார். நான் மாற்றவில்லை. என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தேன். அந்தக் கிடங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை. அதன் பிறகு நானும் என் மனைவியும் மாமனார் வீட்டு மாடி அறைக்கு வந்தோம். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தோம். மாமா எங்களை நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார், சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. ஆனால் மாப்பிள்ளையை விருந்தாளி போலவும் நடத்த முடியாமல் வீட்டு ஆள் போலவும் நடத்த முடியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். நான் ஒரு விளக்கைப் போட்டால் ஏன் போட்டீர்கள் என்று கேட்க மாட்டார், வந்து அணைத்துவிட்டுப் போவார்.

மேற்படி கம்ப்யூட்டர் கூடத்து மூலையில், கண்ணாடி அலமாரிக்கு எதிரே இருக்கிறது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வேலை கிடைத்து வெளியூர் போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போனது. அதற்கு அந்த வீட்டில் சில சட்டங்கள் உண்டு. அதை யாரும் அணைக்கக் கூடாது. வெளியேறு என்பதை அழுத்தக் கூடாது. பூட்டக் கூடாது. வேலை முடிந்ததும் திரையை மட்டும் அணைக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி போட்டால் மாமாவின் திரை அப்படியே விட்ட இடத்தில் வந்து நிற்கும். அதற்கென்று அத்தை ஆசையாகத் தைத்த உறை அலமாரிக்குள் மடித்தபடியே கிடக்கிறது, ஏனென்றால் எப்போதும் சூடாக இருக்கும் பொருளின் மேல் துணியைப் போட முடியாது. மின்சாரம் போனால் குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார். பால் திரிந்தாலும் பரவாயில்லை, அது அணையக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் பொது என்று பெயர், ஆனால் எல்லோரும் மாமாவின் கணக்கிலேயே, மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், வேலை பார்ப்போம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாமா எந்த ரகசிய எண்ணைப் போட்டாலும் வீட்டில் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். இது கம்ப்யூட்டருக்கு முன்பே, நம்பர் பூட்டுப் பெட்டி இருந்த காலத்திலேயே வந்தது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். மச்சான் கம்ப்யூட்டர் வாங்கி வந்த அன்றைக்கு, மாமா பாஸ்வேர்டு போடுவதற்காகக் கட்டின மனைவி முதல் பெற்ற பிள்ளைகள் வரை எல்லோரும் திரும்பி நின்றார்களாம். அந்த நம்பர் பூட்டுப் பெட்டி இப்போது பூட்டாமலே பரண்மேல் கிடக்கிறது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது கவனிக்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். எழுத்தை அடித்தால் அது வேறு யாரையோ கேட்டுவிட்டு வருவது போல் பிறகு வரும். அம்புக்குறியை நகர்த்தினால் அது ஒரு இடத்தில் உட்கார்ந்து யோசிக்கும். இதற்கு மாமா சொன்ன காரணம், வீட்டில் ஆள் கூடிவிட்டது என்பது. எங்களைத் தவிர கூடிய ஆள் யாரும் இல்லை. "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஜோரா ஓடிட்டிருந்துச்சு மாப்பிள்ளை" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது.

இப்படி இருக்கும்போது மேற்படி மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்தேன். தேர்வை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில், தனியாக இருந்து, கேமரா முன்னால் எழுத வேண்டும். வெளியே கடையில் போய் எழுத அனுமதி இல்லை. தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தார்கள். அதில் என் முகம் திரையில் வந்ததும் அப்படியே உறைந்துவிட்டது, கண்ணை மூடியபடி, வாயைத் திறந்தபடி. உங்கள் கணினி தகுதி பெறவில்லை என்று செய்தி வந்தது. எனக்குத் தகுதி இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? உதவி எண்ணுக்குப் பேசினேன். பேசிய பெண் பொறுமையாக மூன்று காரியம் சொன்னார். எனக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்த வேண்டும். "அப்புறம் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க சார், சரியாயிடும்" என்றார். இந்த மூன்றாவதில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது.

தனிக் கணக்கு வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. அவரே உட்கார்ந்து, கண்ணாடி போடாமலே, அவருடைய கணக்கிலிருந்து எனக்கு ஒரு கணக்கைத் தொடங்கினார். அட்மின் கணக்கா, சாதாரணக் கணக்கா என்று அது கேட்டது. அதற்கு மாமா, "மாப்பிள்ளைக்குச் சாதாரணம் போதும்" என்று சொல்லி அதை அழுத்தினார். எனக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொன்னார். நான் போட்டதும் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "வீட்டுக்குத் தெரியாம என்ன ரகசியம்" என்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இது பிறகு எனக்கே சாட்சியாக வருவதால் சொல்கிறேன். சாதாரணக் கணக்கு வைத்திருப்பவன் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. மாற்றப் போனால் முதலில் அந்தப் பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும், அந்தக் கம்ப்யூட்டரில் பூசாரி மாமாதான்.

அதன் பிறகு மாமா பக்கத்தில் நிற்க, தானாகக் கிளம்பும் புரோகிராம்களைத் திறந்து பார்த்தேன். பந்தியில் சாப்பிட்டு முடித்தும் இலையை விட்டு எழுந்திருக்காதவர்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. மச்சானின் விளையாட்டு ஒன்று, அவர் ஊரை விட்டுப் போவதற்கு முன் கிளப்பியது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொலைந்துபோன போட்டோ கேமராவுக்கான புரோகிராம் ஒன்று. பழைய பிரிண்டருக்கான ஒன்று. அந்தப் பிரிண்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டே பல காலம் ஆகிறது, ஆனால் அது விடாமல் தேடி, கிடைக்கவில்லை என்று செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. மாமாவும் ஒவ்வொரு முறையும் சரி என்று அழுத்திக்கொண்டே இருந்தார். வைரஸைப் பிடிக்க இரண்டு புரோகிராம்கள் இருந்தன. திருடன் வரவில்லை, ஆகவே இரண்டு காவல்காரர்களும் ஒருவரையொருவர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றின் டிக்கையும் எடுத்தேன். முடித்ததும் திரையில் ஒரு செய்தி வந்தது. இந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வரக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றது.

"வேண்டாம்" என்றார் மாமா.

"ஒரே ஒரு தடவை அணைச்சு போட்டா போதும் மாமா."

"அணைச்சா திரும்ப வராது. பழைய மெஷினு. என்னை மாதிரி."

"வரும் மாமா. எல்லா மெஷினும் வரும்."

"வரலேன்னா? சங்கத்துத் தாளெல்லாம் உங்க அப்பாவா எடுத்துக் குடுப்பாரு?" என்று கேட்டார். என் அப்பா காலமாகிவிட்டார், அது மாமாவுக்குத் தெரியும். சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு சரி, அணைக்க வேண்டாம், இப்படியே பயனரை மாற்றி என் கணக்குக்குப் போய்வருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரே அதற்குள் போகக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். சாவியைச் செய்து கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றால் எப்படி? எனக்கு வந்த எரிச்சலில் மாடிக்குப் போய்த் தலையணையைக் குத்தினேன். மாப்பிள்ளை முன்னேறிவிடக் கூடாது என்று நினைக்கிறார் என்றுதான் நம்பினேன். என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒரு சின்ன வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அங்கே அவள் அடுப்பு மேடையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தாள். வேலை கிடைத்தால் அந்த வீடு, இல்லாவிட்டால் இந்த மாடி அறை.

தேர்வு நாளன்று காலையில் மாமா சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினார். அத்தையும் கூடப் போனார். இப்போதெல்லாம் மாமா எங்கே போனாலும் அத்தை கூடப் போகிறார், ஸ்கூட்டரையும் மாமா தொடுவதில்லை. கேட்டால் கண் சரியில்லை என்பார். செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பவர் அவர். நான் அதையும் அப்போது கேட்டுக்கொண்டேன், யோசிக்கவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் என் மனைவி கூடத்துக்கு வந்து, "அப்பா வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்றாள். அவளாகச் சொன்னது. ஆனால் செய்தது நான். மாமா திறந்து வைத்திருந்த சங்க அறிவிப்புகள் ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சேமித்து மூடினேன், ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அதன் பிறகு ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினேன். திரை கறுத்தது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்விசிறியின் சத்தம் நின்றபோதுதான் கூடத்தில் இத்தனை காலமும் ஒரு சத்தம் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அது திரும்ப வந்தது. மாமாவின் படமும் என் கணக்கின் வெறும் வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. என் கணக்கில் நுழைந்தேன். அழுத்தியதும் திறந்தது. இத்தனை காலம் இந்த வேகத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் எங்கள் உயிரை வாங்கியதா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தேர்வை முழுவதும் எழுதி முடித்தேன்.

மாமா வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றவில்லை, அப்படியே கூடத்துக்கு வந்துவிட்டார். அத்தை அவரை அப்படிப் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார். திரையில் மாமாவின் படம், அதன் கீழே பாஸ்வேர்டுக்கான காலிக் கட்டம். நான் எழுந்து நின்று, "கோச்சுக்காதீங்க மாமா, எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டுத்தான் பண்ணேன். பாஸ்வேர்டு போட்டீங்கன்னா விட்ட இடத்துல இருக்கும். இனிமே பறக்கும்" என்றேன்.

மாமா உட்கார்ந்தார். "எல்லாரும் திரும்புங்க" என்றார்.

திரும்பினோம். அத்தை ஜன்னல் பக்கம், என் மனைவி மாடிப்படி பக்கம். நான் திரும்பிய இடத்தில் கண்ணாடி அலமாரி. பார்க்க வேண்டும் என்று திரும்பவில்லை, எனக்கு அந்த இடம்தான் வாய்த்தது. கண்ணாடியில் மாமாவும் திரையும் தெரிந்தன. விசைப்பலகையின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். ஆனால் எதையும் அடிக்கவில்லை. வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். அதன் பிறகு எதையோ அடித்தார். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தார். அத்தை, "ஆச்சாங்க?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "பொறு" என்றார் மாமா. அதன் பிறகு அவர் விரல்கள் சும்மா, ஒரு எழுத்தும் அழுந்தாதபடி, மேலாக ஓடின. வெறும் சத்தம்தான் கேட்டது. பின்னால் நிற்பவர்களுக்கு அவர் அடிக்கிறார் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அப்போதுதான் அணைக்காதே, பூட்டாதே, வெளியேறாதே என்ற சட்டம் எல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கியது. அவருக்குப் பாஸ்வேர்டு எப்போதோ மறந்துவிட்டது. உள்ளே இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. அதனால் அவர் வெளியே வரவே இல்லை.

நான் திரும்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, "மாத்திட்டாரு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. அதையும் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். கோபம்தான் வந்தது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம், அந்தக் கதைதான். அந்த வீட்டில் அத்தனை காலம் குரல் உயர்த்தாமல் இருந்தவன் அன்றைக்கு உயர்த்தினேன். சாதாரணக் கணக்கிலிருந்து மாற்ற முடியாது என்று விளக்கினேன். கம்ப்யூட்டர் விளக்கம் யாருக்கும் புரியவில்லை, என் குரல் உயர்ந்தது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அத்தை, "மாப்பிள்ளை, பெரியவர்கிட்ட இப்படியா" என்றார். அதற்கு மேல் நான் சொன்னால் கண்ணாடியில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, மாடிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு மாமா கூடத்தில் இல்லாத சமயத்தில், அவருடைய கட்டத்தில் ஒன்றும் அடிக்காமல் ஒரே ஒரு முறை அழுத்தினேன். அவருடைய கணக்கை நான் தொட்டது அந்த ஒரு முறைதான். தவறு என்று வந்து, அதன் கீழே பாஸ்வேர்டை நினைவுபடுத்துவதற்கான குறிப்பு வந்தது. கணக்குத் தொடங்கும்போது அவரவர் எழுதி வைக்கும் குறிப்பு அது. மாமா எழுதி வைத்திருந்தது, "எனக்குத் தெரியும்" என்பது. நான் அந்தத் திரையை மூடிவிட்டேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டால் திறந்து கொடுப்பார் என்று என் மனைவி சொன்னதற்கு மாமா, கடைக்காரருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்று மறுத்துவிட்டார். சங்கத்தில் வேறொருவர், செயலாளருக்கு வயசாகிவிட்டது, கூட்டத் தேதியை மாற்றிச் சொல்கிறார் என்று பேச ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பேச்சு மாமாவின் காதுக்கும் வந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. விஷயம் மச்சானுக்குப் போனது. மச்சான் தொலைபேசியில் ஸ்பீக்கரில் வந்து, "அவருக்கு எதுக்குப்பா நம்ம கம்ப்யூட்டரு? போலீஸ்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க, தானா பாஸ்வேர்டு வெளிய வரும்" என்றார். மாமா அதற்கு, இதுக்கெல்லாம் போலீஸ் எதுக்கு என்று மெதுவாகத்தான் சொன்னார். மச்சான் விடவில்லை. ஒரு முறை மாத்திட்டாரு என்று சொல்லிவிட்டவர், இரண்டாவது முறை இல்லை என்று எப்படிச் சொல்வார்? புகாரை மச்சான் சொல்லச் சொல்லத்தான் எழுதினார்.

புகார் எழுதிய மறுநாள் தேர்வு முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். வேலைக்குச் சேரும்போது என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று குடியிருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையம் இதுதான். ஒரே மேசையில் அந்தப் பக்கம் புகார், இந்தப் பக்கம் சான்றுக்கான என் மனு. உதவி ஆய்வாளர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு விசாரணைக்கு இருவரையும் வரச் சொல்லியிருந்ததால், புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்தோம். மாமா ஓட்ட மாட்டார், ஆட்டோ வேண்டாம் என்றார். வேகத்தடை வந்த இடத்தில் என் தோளைப் பிடித்தவர், அது தாண்டியும் கையை எடுக்கவில்லை. நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், "இங்கயா, அடுத்ததா?" என்று கேட்டார். அந்தத் தெருவில்தான் அவர் ஐந்து பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து வளர்ந்தார்.

உள்ளே கூப்பிடும் வரை வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமா, "உள்ள கூப்பிட்டா என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டார்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தான் மாத்தினேன்னு சொல்லிடறேன் மாமா. தெரியாம கை பட்டுருச்சு, மன்னிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துடறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நீங்கள் மாற்றவில்லையே என்று சொல்லவில்லை. மாற்றினீர்கள் என்றும் சொல்லவில்லை. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"பாத்துக்கலாம் மாமா."

அதன் பிறகு அவர் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டார். அப்படிக் குனிந்தபடியே, யாருக்கும் கேட்காத குரலில், "அப்ப, மாத்தின பாஸ்வேர்டு என்னன்னு கேப்பாங்களே மாப்பிள்ளை. நாம என்ன சொல்றது?" என்றார்.

அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பொய் சொல்வதென்று முடிவு செய்து எழுந்தவன், உண்மையைச் சொன்னதற்கு அந்தக் கேள்விதான் காரணம். பொய்க்கு ஒரு பாஸ்வேர்டு தேவைப்படுகிறது, அது எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் இதெல்லாம் மாடிப்படியிலேயே முடிந்திருக்கும். சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று நினைத்துவிட்டார். ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்தத் தாளைப் பார்த்து என் சான்றுக்கு வேண்டியதைச் செய்யுங்கள். மாமாவிடம் மட்டும், கம்ப்யூட்டரில்தான் கோளாறு, இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று உதவி ஆய்வாளர் சொல்லட்டும். சீருடை போட்டவர் சொன்னால் மச்சானும் நம்புவார். அந்தக் கம்ப்யூட்டர் மானநஷ்ட வழக்குப் போடப் போவதில்லை. கணக்கைத் திறந்து கொடுக்க இங்கிருந்து ஒருவர் வருவார் என்றால், புதுப் பாஸ்வேர்டை மாமாவே போடட்டும். நாங்கள் எல்லோரும் திரும்பிக்கொள்கிறோம். அதற்கு முன் அத்தை தைத்த உறையை எடுத்து அந்தக் கண்ணாடி அலமாரியின் மேல் நான் போட்டுவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்ததையும் நான் பார்த்ததையும் மட்டுமே சொன்னேன், கூட்டவில்லை, இதற்கு மேல் குறைக்கவும் முடியவில்லை. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம் என்று எழுத்தர் சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் மாமா உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும். தாளை வாங்கி நானே மனதுக்குள் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

கையொப்பம்.